ஒற்றை ஆள் ஒதுங்கி நிற்க வேண்டும்

நெட்டா கில்ஃபில்லன் தன் வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைப் பிடித்து ஒரு பந்தைக்கூட அடித்தவள் இல்லை. அடிக்க ஆசைப்பட்டதும் இல்லை. அப்படியிருந்தும் ஸ்காட்லாந்தின் க்ரீனக் ஊரிலிருந்து கோல்ஃப் ஆட வடக்கே கிளம்புகிறவர்கள் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எந்த விடுதியில் நனைந்த காலணியை உலர்த்த அடுப்பங்கரையில் இடம் தருவார்கள், எந்தத் திடலில் ஆடுகள் மேய்ந்துகொண்டே பந்தை மறித்துக்கொண்டு நிற்கும், எந்தக் கோட்டைக்குள் மழைக்கு ஒதுங்கினால் நல்ல சூப் கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. சர்க்கரை ஆலையில் லாரிகளுக்கு வழி பிரித்து அனுப்புகிற மேசையில் இளமை முழுவதையும் கழித்தவள். எந்த வண்டி எங்கே சுற்றி எங்கே சேர வேண்டும் என்பது அவள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

ஆனால் அவள் உயிரை வைத்துத் திட்டம் போட்டது ஒரே ஒரு பயணத்துக்குத்தான்.

அவள் கணவர் ஹ்யூயியும், வாலஸ், டாம், சாண்டி என்ற அவருடைய மூன்று நண்பர்களும் கப்பல் கட்டும் தளத்தில் ஒன்றாகத் தீப்பொறி பறக்க வேலை செய்தவர்கள். ஜூன் மாதம் வந்தால் நாலு பேரும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வடகோடிக் கடற்கரையில் போர்ட்கிளாரன் என்ற ஊருக்குக் கோல்ஃப் ஆடப் போவார்கள். கல்யாணமான புதிதில் மனைவிமார்கள் வாசல்வரை வந்து கையசைத்ததோடு சரி. ஒரு வருஷம் நெட்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க புதர்ல பந்தைத் தேடிக்கிட்டு அலையற நேரத்துல நாங்க ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வர்றோம். பெட்ரோல் ஒண்ணுதானே?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தப் பயணம். ஆண்கள் நாலு பேர் திடலில்; பெண்கள் நாலு பேர் வாலஸின் வேனில். கோட்டைகள், அருவிகள், கடல்நாய்கள் வெயில் காயும் பாறைகள், சால்மன் மீன் துள்ளி ஏறும் ஆறு என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு புது இடத்தை நெட்டா தேடிக் கண்டுபிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கோல்ஃப் கிடையாது, ஆண்டவன் நாள். அன்று எட்டுப் பேரும் சேர்ந்தே சுற்றுவார்கள். ஜனவரி பிறந்ததும் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் சர்க்கரைக் கிண்ணம், உப்புக் குப்பி என்று பாரம் வைத்துவிட்டு உட்காருவாள். ஹ்யூயி எதிரே உட்கார்ந்து வம்பு பண்ணுவார்.

"ஆண்டவன் உலகத்தைப் படைக்கிறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நெட்டா. ஆறு நாள் இழுத்திருக்காது. நாலு நாள்ல முடிச்சுக் குடுத்துட்டு, மிச்ச ரெண்டு நாள் அவரைப் படகுல கூட்டிட்டுப் போயிருப்ப."

அவள் திட்டத்திலேயே அழகான நாள் வியாழக்கிழமைதான். அன்று மட்டும் ஆட்டம் மதியத்துக்கு மேல். திடலின் பதினைந்தாவது குழி கடலோரத்து மணல்மேட்டின் மேல் இருந்தது. ஆண்கள் ஆடிக்கொண்டே அந்த மேட்டுக்கு வந்து சேரும் நேரமாகப் பார்த்து, பெண்கள் கடற்கரை வழியாகத் தேநீர்க் குடுவையும் பால்மிட்டாய்ப் பொட்டலமுமாக வந்து சேருவார்கள். தூரத்தில் நாலு தலைகள் தெரிந்ததும் மேட்டின் உச்சியில் ஹ்யூயி தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். அவருக்கென்று ஓரம் பெயர்ந்த பச்சை எனாமல் கோப்பை ஒன்று உண்டு. அதில் பாகு மாதிரி இனிப்பாகத் தேநீர் வேண்டும். எவராவது கேலி பண்ணினால், சர்க்கரை ஆலைக்காரியைக் கட்டிக்கொண்டவன் வேறு எப்படிக் குடிப்பான் என்று கேட்பார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையை நெட்டா யாரிடமும் பேசியதில்லை. கிறிஸ்துமஸுக்கு மரம் வைப்பதைக்கூட விட்டுவிட்டாள். ஜூன் மாதத்து எட்டுப் பேர்தான் அவளுக்குக் குடும்பம்.

கப்பல் தளம் மூடிய பிறகு ஹ்யூயி சாயங்காலங்களில் உள்ளூர்த் திடலுக்குத் தனியாகப் போவார். அங்கே வாசல் பலகையில் ஆட்ட விதிகள் எழுதித் தொங்கும். தனியாக ஆடுகிறவனுக்குத் திடலில் எந்த உரிமையும் கிடையாது. ஜோடியாகவோ கூட்டமாகவோ ஆடுகிறவர்கள் வந்தால் அவன் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. நேரம் கழித்து வீடு திரும்புகிற நாளில் ஹ்யூயி கதவைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டு சொல்வார்:

"என்னைக் கோவிச்சுக்காதே. ஒத்த ஆளு. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் ஒதுங்கி நின்னு நின்னே பொழுது போயிடுச்சு."

அவளும் சிரிப்பாள். அந்த விதி ஒரு நாள் தன் தலையில் வந்து விடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தொட்டியில் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்த ஹ்யூயி அப்படியே தரையில் சாய்ந்தார். நெட்டா அடுத்த அறையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழாயில் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் வழக்கப்படி சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளை நெருங்கியவர்கள்தான் பிடிக்க வேண்டும். வாலஸ் தலைமாட்டுக் கயிறு. டாமும் சாண்டியும் இருபக்கமும். மூன்று பேரும் கையில் கயிறு அறுத்தது தெரியாமல் மெல்ல மெல்ல இறக்கினார்கள். அப்புறம் எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்து கறி வைத்துச் சுட்ட ரொட்டி சாப்பிட்டார்கள். வாலஸின் மனைவி ஐஸா, நெட்டாவின் உயிர்த்தோழி, அவள் கையை விடவே இல்லை. ஆனால் ஒருவர்கூட ஒரு வார்த்தை உருப்படியாகப் பேசவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். மனசில் உள்ளதை வாயால் சொல்வதைவிட ஒரு மூட்டை நிலக்கரியை மாடிக்குச் சுமந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஜனவரி பிறந்தது. நெட்டா வரைபடத்தை எடுக்கவில்லை. யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பயணத்துக்கு யாரும் யாரையும் அழைத்தது கிடையாது. கிளம்புகிற சனிக்கிழமை காலையில் வேனும் காருமாக இரண்டு வண்டிகளும் ஒவ்வொரு வீடாக வந்து, கடைசியில் வடக்குச் சாலையில் இருக்கும் நெட்டா வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்த வருஷம் அவளுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

மாதக் கடைசியில் வாலஸ் வந்தார். கையில் பிஸ்கட் டப்பா. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசினார், கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்தார். கோப்பைத் தேநீர் ஆறிப்போன பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். கிளப்பில் போன வருஷம் சேர்ந்த நார்மனைக் கேட்டிருக்கிறாராம். மூன்று பேராகப் போனால் முன்பின் தெரியாத ஒருவனை நாலாவதாகச் சேர்த்துவிடுவார்கள், அதைவிட இது மேல் என்று மூன்று பேருக்கும் பட்டதாம். ஹ்யூயி பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மத்தபடி எல்லாம் வழக்கம்போலத்தான் நெட்டா. ஆம்பளைங்க நாலு பேரு, பொம்பளைங்க நாலு பேரு. உனக்குச் சிரமம் இல்லேன்னா நீயே எப்பவும்போல ஏற்பாடு பண்ணிடும்மா."

நெட்டா தலையசைத்தாள்.

அவர் போன பிறகு அந்த நாற்காலியிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் நாலு பேர். ஐஸா, டாமின் மனைவி ஜெஸ்ஸி, சாண்டியின் மனைவி மே. நாலாவது? நார்மனின் மனைவி லோர்னா. அந்த வேனில் எந்தப் பெண்ணும், புருஷன் ஆட்டத்தில் இல்லாமல், ஏறியதில்லை. ஆட்டக்காரனுக்கு ஒரு மனைவி, அதுதான் கணக்கு. தேவாலய மண்டபத்தில் ஒரு முறை லோர்னாவைப் பார்த்திருந்தாள். இளமையானவள், வாய் நிறையச் சிரிப்பவள். தான் உட்கார்ந்த முன்சீட்டில் அவள் உட்காருவாள். கடலைப் பார்த்த ஜன்னல் வைத்த அறையில் அவள் தலைசீவுவாள்.

'நான் வரலாமா' என்று வாலஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இடம் கேட்டதாகிவிடும். இரக்கப்பட்டு ஒரு மூலையில் ஒட்டவைப்பார்கள். ஒட்டவைக்கப்பட்ட ஒன்பதாவது ஆளாகப் போவதைவிடச் சாவது மேல் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

வஞ்சனை இல்லாமல் திட்டம் போட்டாள். சொல்லப்போனால், அவள் போட்ட திட்டங்களிலேயே இதுதான் குறையில்லாதது. ரோஜாத் தோட்டம் ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கும் ஒரே புதன்கிழமை அந்த வாரத்தில் விழும்படி பார்த்தாள். ஜெஸ்ஸிக்கு முழங்கால் வலி என்பதால் படி ஏறாமல் பார்க்கக்கூடிய கோட்டையாகத் தேர்ந்தாள். விடுதிக்காரி மன்றோ அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது, ஜன்னல் வைத்த அறை இந்த வருஷம் புது ஜோடிக்கு என்று சொன்னாள். பிறகு அந்த அம்மாள் நீ வரவில்லையா என்று கேட்டாள்.

"இந்த வருஷம் இல்லைங்க," என்றாள் நெட்டா. அடுத்த கேள்வி வருவதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மே மாதத்தில் ஒரு நாள் ஐஸா ஒரு குப்பி ஜாமோடு வந்தாள். அருவிப் பக்கம் குளிருமா, எந்தச் செருப்பு எடுக்கலாம் என்று கேட்டாள். இருவரும் மாறி மாறி செருப்பைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் நெட்டா சிவப்பு மையால் வழி குறித்த வரைபடத்தை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தடவை வேன்ல முன்னாடி நீ உட்கார்ந்துக்கோடி. வழி எல்லாம் குறிச்சிருக்கேன்."

ஐஸா வரைபடத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்கள் சிவந்தன. ஏதோ கேட்க வாயெடுத்தவள், சரி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். பரிதாபப்படுகிறாள் என்று நெட்டா நினைத்தாள். உயிர்த்தோழியின் கண்ணைக்கூடத் தப்பாகப் படிக்கவைத்துவிடுகிறதே, இந்தத் துக்கம்.

கிளம்பும் சனிக்கிழமை நெருங்க நெருங்க அவளுக்கு ஒரே பயம். தன் வீட்டு வாசல் வழியாகத்தான் அந்த இரண்டு வண்டிகளும் போகும். நிற்காமல் போகும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமையே ஒரு பையை எடுத்துக்கொண்டு படகேறி, கடல்கழிக்கு அப்பால் டனூனில் இருக்கும் அக்காள் ஆக்னஸ் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆக்னஸுக்கு நாக்கில் எலும்பு இல்லை.

"ஜோடி ஜோடியாப் போற எடத்துல உனக்கு இனிமே என்னடி வேலை? கதவை அவங்க சாத்தறதுக்கு முன்னாடி நீயா வெளிய வந்துட்டியே, அதைச் சொல்லு. புத்திசாலிதான்," என்றாள்.

சனிக்கிழமை காலை, இந்நேரம் ஏரியோரத்துச் சாலையில் போவார்கள் என்று நெட்டா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைப் பாட்டுக்கு நடுவில், எட்டுப் பேரும் அருவி முன்னால் நிற்கிற காட்சி வந்தது. திங்கட்கிழமை, முதல் ஆட்டம். வரைபடம் இல்லாமலே சிவப்புக் கோடு அவள் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை ஆக்னஸே பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். உடம்பு மட்டும் என் வீட்டில் இருந்து என்ன பண்ணுவது, மற்றதெல்லாம் எங்கேயோ இருக்கிறதே என்றாள். சொல்லும்போது அவள் குரலும் கொஞ்சம் இளகித்தான் இருந்தது.

மதியம் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டபோது பக்கத்து வீட்டு பெயர்டு அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"வந்துட்டியா? உன்னால எங்க பூனை ரெண்டு நாள் வீட்டுப் பக்கமே வரலை. சனிக்கிழமை காலையில அந்த வாலஸ் அடிச்ச ஹாரன்ல தெருவே எந்திரிச்சிடுச்சு."

நெட்டா சாவியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி நின்றதா என்று கேட்டாள். நின்றதாவது, அரை மணி நேரம் நின்றதே என்றாள் பெயர்டு அம்மாள். வாலஸ் கதவைத் தட்டினார், கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தார், மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அக்காள் வீட்டுக்குப் போயிருப்பதைத் தானே வந்து சொன்னதாகவும் சொன்னாள்.

"ஐஸா பின்சீட்டுல உட்கார்ந்திருந்தா. முன்சீட்டு காலி. உனக்குத்தான் வெச்சிருக்கோம்னு சொன்னா. நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிட்டாரு. 'அவளுக்கு வர மனசு இல்லை போல, தொந்தரவு பண்ண வேண்டாம்'னு சொல்லிட்டு ஏறிட்டாரு."

"நார்மனோட வீட்டுக்காரி?" என்று இழுத்தாள் நெட்டா.

"லோர்னாவா? நேத்துதானே எனக்கு முடி வெட்டிவிட்டா. பாரு, எப்படி இருக்கு? கடையைப் போட்டுட்டு அவ எங்க போவா? கோல்ஃப்னாலே அவளுக்கு ஆகாது."

பெயர்டு அம்மாள் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நெட்டாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு பெண்கள். ஐஸா, ஜெஸ்ஸி, மே. நாலாவது பெண்ணுக்கு வாசலில் நின்று ஹாரன் அடித்திருக்கிறார்கள். நாலாவது பெண்ணுக்கு விடுதியில் அறை இல்லை என்று போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். அவளே திட்டம் போட்டு, அவளே தன்னை வெட்டிவிட்டிருக்கிறாள் என்று எண்ணியிருப்பார்கள். அவள் கதவைத் திறக்காமல் படியிலேயே உட்கார்ந்து, அக்டோபரிலிருந்து அழாத அழுகையை அழுது தீர்த்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. முதல் ரயிலில் கிளாஸ்கோ போய், ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் பையோடு ஓடி, இன்வர்னெஸ் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து கடலோரமாக ஊர்ந்து போகும் குட்டி ரயிலில் ஏறினாள். இன்று அவர்கள் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. திட்டம் அவளுடையது.

போர்ட்கிளாரனில் இறங்கி ஊருக்குள் போகாமல் நேரே கடற்கரைக்கு நடந்தாள். கடல் உள்வாங்கியிருந்தது. ஈர மணலில் காலணி புதைந்தது. வழி முழுக்க ஒரே யோசனை. என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்பதா? முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

மணல்மேடு தெரிந்தது. அடிவாரத்துப் பாறையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தேநீர்க் குடுவை, திறக்கப்படாமல். மேட்டின் மேல் நாலு ஆண்கள். அவள் கண் தன்னையறியாமல் ஒரு தொப்பி அசைவதைத் தேடியது. எதுவும் அசையவில்லை. அந்த நாலு பேருக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, யாரோ ஒரு கிழவர் தனியாக மட்டையை ஊன்றிக்கொண்டு, தன் முறை வராது என்று தெரிந்தே காத்து நின்றார். ஒரு ஆடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐஸாதான் முதலில் பார்த்தாள். ஓடி வரவில்லை. எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, மெல்ல நடந்து வந்து எதிரே நின்றாள். முகம் கல் மாதிரி இருந்தது.

"வந்துட்டே."

"யாரும் என்னைக் கூப்பிடலையே ஐஸா."

"கூப்பிடணுமா? இத்தனை வருஷத்துல நீ என்னைக் கூப்பிட்டியா, ஜெஸ்ஸியைக் கூப்பிட்டியா? ஹாரன் அடிச்சா ஏறுவோம். உன்னை எதுக்குடி தனியாக் கூப்பிடணும்? வர்றியான்னு கேட்டா, வராட்டியும் பரவாயில்லைன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? வாயைத் திறக்கக்கூடாதுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன்."

"நாலாவது ஆளு லோர்னான்னு நினைச்சேன்."

ஐஸாவின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நெட்டாவின் கோட்டுக் கழுத்தைப் பிடித்துச் சரிசெய்வதுபோல் பிடித்துக்கொண்டு, அதிலேயே முகத்தைப் புதைத்துவிட்டாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"திங்கக்கிழமைக்கு ஒண்ணு வெச்சிருந்தோம்டி. நீ இல்லாமலே முடிஞ்சுபோச்சு."

அந்தத் திடலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. முதல் குழியருகே சரிவாக ஒரு தகரக் குழாய் வைத்திருப்பார்கள். வருகிறவன் தன் பந்தை அதில் போட்டால், வரிசையில் அவனுக்குப் பதில் பந்து நிற்கும். பந்து கீழே வந்து சேர்ந்ததும், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற காவலாளி அதன் சொந்தக்காரர் பெயரைக் கூப்பிடுவார். ஹ்யூயியின் பந்து ஒன்று வாலஸின் பையில் கிடந்ததாம், ஹ்யூயி வழக்கமாக வைக்கும் இரண்டு பச்சைப் புள்ளிகளோடு. அதைத் தங்கள் பந்துகளோடு குழாயில் போட வேண்டும், அவர் பெயர் கடைசியாக ஒரு முறை அந்தத் திடலில் கேட்க வேண்டும், கீழே வந்த பந்தை நெட்டா தன் கையால் எடுக்க வேண்டும் என்று பனிக்காலத்திலேயே மூன்று நண்பர்களும் பேசி வைத்திருக்கிறார்கள். காவலாளியும் சம்மதித்திருக்கிறார். அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள் என்று பயம்.

இதற்குள் வாலஸ் மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"ஹ்யூ கில்ஃபில்லன்னு கூப்பிட்டாரு நெட்டா. நல்ல சத்தமா. எல்லாரும் தொப்பியைக் கழற்றிட்டு நின்னோம். பந்து அங்கயே கிடந்துச்சு. யாருக்கும் கை போகலை. பின்னாடி ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில நான்தான் எடுத்தேன். நான் எடுத்திருக்கக்கூடாது."

பையிலிருந்து பந்தை எடுத்து நீட்டினார். அவள் வாங்கினாள். பச்சைப் புள்ளிகள் கொஞ்சம் மங்கியிருந்தன. கட்டைவிரலால் தடவினால் அழிந்துவிடுமோ என்று தடவாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னா…" என்று ஆரம்பித்தாள்.

வாலஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு ஆளை ஒரு முறைதான் கூப்பிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். பந்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேட்டின் மேலிருந்து சாண்டி குரல் கொடுத்தார், முறை நம்முடையது, ஆடுவதா என்று. வாலஸ் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கப் போனார். நெட்டா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். அவள் பார்வை பின்னால் நின்ற கிழவர்மேல் இருந்தது.

"முதல்ல அவரைப் போக விடுங்க."

"ஒத்த ஆளும்மா. அவருக்கு முறையே கிடையாது."

"தெரியும். உங்க எல்லாரையும்விட நல்லாத் தெரியும். போக விடுங்க."

வாலஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மேலே திரும்பிக் கையைக் காட்டினார். நாலு பேர் ஆட்டம் ஒதுங்கி நின்றது. கிழவருக்கு முதலில் புரியவில்லை. தனக்குத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவசர அவசரமாக வந்து, பந்தை வைத்து அடித்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தொப்பியை லேசாகத் தூக்கினார். மணல்மேட்டு ஓரமாக ஒரே ஆளாக அவர் நடந்து போவதை, வளைவில் மறைகிறவரைக்கும் நெட்டா பார்த்துக்கொண்டே நின்றாள்.

எல்லோரும் பாறைக்கு வந்தார்கள். ஜெஸ்ஸி அவள் கன்னத்தைத் தொட்டாள். மே பால்மிட்டாயைப் பிரித்தாள். குடுவையை ஐஸா நெட்டாவிடமே கொடுத்தாள். எப்போதும் ஊற்றுகிறவள் அவள்தான். வேனிலேயே கிடக்கும் எட்டுக் கோப்பைகளும் ஒவ்வொன்றாக நீண்டன. எந்தக் கோப்பைக்கு எவ்வளவு சர்க்கரை என்று அவள் கைக்குத் தெரியும்; யாரையும் கேட்காமல் போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசியாக ஒரு கை தயங்கித் தயங்கி நீண்டது. நார்மன். அவர் என்ன கண்டார், பாவம். பெட்டியில் மிச்சமிருந்ததை எடுத்திருக்கிறார். ஓரம் பெயர்ந்த பச்சை எனாமல் கோப்பை. டாமும் சாண்டியும் சட்டென்று கடலைப் பார்த்தார்கள். வாலஸ் ஏதோ சொல்லப் போனார். நெட்டா தலையசைத்து அவரைத் தடுத்துவிட்டு, அந்தக் கோப்பையில் தேநீரை ஊற்றினாள். கரண்டி நிறையச் சர்க்கரையை அள்ளியபிறகுதான் கை நின்றது.

"உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவுங்க?" என்று கேட்டாள். அந்தக் கோப்பையைப் பார்த்து அவள் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

"வேண்டாங்க," என்றார் நார்மன் கூச்சத்தோடு. "நான் சர்க்கரை சேர்த்துக்கறதில்லை."

நெட்டா கரண்டியைக் கவிழ்த்து, சர்க்கரையைத் திரும்ப டப்பாவுக்குள்ளேயே கொட்டி, மூடியை அழுத்தி மூடினாள்.